பருத்திக்குக் கைகொடுக்க: பிரேசில் வழியா, இந்திய வழியா?

ஆப்பிரிக்கப் பருத்தி விவசாயிகளுக்கு உதவ, பிரேசிலின் எம்ப்ராபா வேளாண் ஆய்வு நிறுவனம் 2009-இல் மாலி நாட்டின் சொத்துபாவில் பணி தொடங்கியது. பெனின், புர்கினா பாசோ, சாட் நாடுகளும் சேர்ந்தன. புது ரகங்கள், உழாமல் மூடாக்கில் (நிலத்தை மூடிய தழைக்குள்) விதைப்பது, பூச்சி மேலாண்மை எல்லாம் அந்த மண்ணிலேயே சோதிக்கப்பட்டன. 2012-இல் இந்தியா ஆப்பிரிக்காவில் தொடங்கிய பருத்தித் திட்டமோ, சாகுபடிப் பயிற்சியோடு அரவை (பஞ்சிலிருந்து விதையைப் பிரிப்பது), ஜவுளி வரை நீண்டது.

கடலாடி, சாயல்குடிப் பக்கம் மானாவாரிப் பருத்தி போடுகிற நமக்கு மாலி விவசாயியின் கவலை நன்றாகவே புரியும். மழை பொய்த்தால் முதலுக்கே மோசம். ஈரம் காக்கும் மூடாக்கு விதைப்பை இங்கேயும் சோதித்துப் பார்க்க வேண்டும். வயலைப் பொறுத்தவரை என் வாக்கு பிரேசில் வழிக்கே. ஆனால் பருத்தியாகவே விற்றுத் தீர்த்தால், நூலிலும் துணியிலும் வரும் வருமானம் வெளியூருக்குப் போய்விடும். அங்கே இந்திய வழிதான் சரி, பரமக்குடித் தறிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.