திருவையாறு ஆராதனைக்குக் கூட்டமாப் போறவங்க முதல்ல இதைப் படிங்க: 18,500 ரூபாய் போச்சு

ஊருக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கர்நாடக இசை மேதை தியாகராஜர் நினைவாகத் திருவையாற்றில் வருஷாவருஷம் நடக்கிற ஆராதனைக்குத் தோழிகளோடு போனால் எங்கே தங்கலாம், எப்போது போய் உட்காரலாம் என்று விவரமாக ஒரு பதிவு போடுவதாகப் பலரிடம் சொல்லியிருந்தேன். அதற்குப் பதிலாக இதை எழுத வேண்டியதாகிவிட்டது.

நாங்கள் ஐந்து பேர். காரைக்குடியில் ஒரே டீச்சரிடம் பாட்டு படித்தவர்கள். இப்போது ஒருத்தி தேவகோட்டை, ஒருத்தி பள்ளத்தூர், ஒருத்தி சிங்கப்பூர். டீச்சர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. "ஒரு தடவையாவது தியாகராஜர் சமாதி முன்னாடி உட்கார்ந்து அஞ்சு கீர்த்தனையும் பாடிட்டு வாங்கடி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்காகத்தான் மூன்று மாதம் ராத்திரி ராத்திரி வீடியோ காலில் நாட்டை ராகத்தில் ஆரம்பித்து ஸ்ரீராகம் வரை அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடிப் பாடிச் சரி செய்தோம்.

எங்களை ஏமாற்றியது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு டூர் ஏற்பாட்டாளர். வேன், திருவையாற்றில் இரண்டு நாள் தங்க வீடு, பந்தலில் முன்வரிசைக்கு 'பாஸ்', எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,700. ஐந்து பேருக்கு 18,500 ரூபாய்.

நேரிலேயே வந்தான். அதில்தான் விழுந்தோம். முகப்பில் உட்காரவைத்தோம், ஆத்தா தட்டில் சீப்புச்சீடை கொண்டுவந்து வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அவன் போன் அடித்தது. ரிங்டோன் அந்த ஐந்தில் ஒன்றான ஆரபி ராகப் பஞ்சரத்னம். ஆத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார், "நம்ம புள்ள மாதிரி இருக்கான்" என்று. "கவலையே படாதீக ஆச்சி, பதினோரு வருஷமா ஆள் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான். அங்கேயே 5,000 அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்கு "வீட்டுக்காரர் முழுசாக் கேக்குறாரு ஆச்சி" என்று போன். மீதி 13,500-ம் போனது. ரசீது கேட்கவில்லை. கேட்கவே தோன்றவில்லை.

ஆராதனை நாளான பஞ்சமிக்கு முதல் நாள் சாயங்காலம் வேன் வந்தது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் தாண்டித் திருவையாறு போய் இறங்கினால், அவன் சொன்ன வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா, "இவங்க சென்னையில இருக்காங்க, வாடகைக்கு விட்டதே இல்லையே" என்கிறார். போன் போட்டால், "டவர் கிடைக்கல ஆச்சி, பத்து நிமிஷம்." பத்து நிமிஷம் கழித்து, "சாவி வந்துகிட்டு இருக்கு." ஒன்பதரை மணிக்கு மேல் எடுக்கவே இல்லை. டிரைவரோ, "எனக்கு ஒத்தப் பைசா வரல" என்று நின்றுவிட்டார். அவருக்குக் கையிலிருந்து 6,000 கொடுத்தோம். இது அந்த 18,500-க்கு மேல்! தஞ்சாவூரில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். லாட்ஜ் எதிலும் இடமில்லை. சிங்கப்பூர்க்காரிக்குக் கால் வீங்கிவிட்டது. பேருந்து நிலைய பெஞ்சில் உட்கார்ந்தே விடிந்தது.

காலையில் டவுன் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் ஏறினோம். ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். நடந்துபோகும்போதே ஒலிபெருக்கியில் கேட்கிறது, ஆரபி. நாட்டையும் கௌளையும் முடிந்துவிட்டன. அத்தனை பேர் சேர்ந்து பாடுகிற ஆரபியைக் கேட்கும்போது எனக்கு அந்த ரிங்டோன்தான் காதில் விழுந்தது. என் டீச்சர் சொல்லிக்கொடுத்த பாட்டு அது. நடுரோட்டில் நின்று அழுதேன்.

பந்தலில் பாஸைக் காட்டினோம். தங்க ஓரம் போட்டு, தியாகராஜர் படம் வைத்து, லேமினேட் செய்த அட்டை. தொண்டர் ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க காசுக்கு எந்தப் பாஸும் விக்கிறதில்லம்மா, கேக்க வர்றவங்க யார் வேணா உட்காரலாம்" என்றார். அந்தக் காலத்துப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டு எழுப்பிய சமாதி இருக்கிற இடம். பெண்களும் அங்கே பாட வேண்டும் என்று போராடியவர். அங்கே உட்காருவதற்கு ஐந்து பெண்களிடம் காசு பிடுங்கியிருக்கிறான்!

பிறகு கேட்டதற்கு, "ஏழு வேலை நாள்ல ரீஃபண்ட்" என்று ஒரு மெசேஜ். மறுநாள் வேறு குரல்: "அவரு வேலையை விட்டுட்டாருங்க." அன்றைக்கே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 18,500 ரூபாய்.

அவசரமாகச் சிலது மட்டும் சொல்கிறேன். ஆராதனைக்கு டிக்கெட்டே கிடையாது, பாஸ் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். அறையை நீங்களே லாட்ஜில் பேசிப் போடுங்கள், அல்லது தெரிந்தவர் வீடு இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். முழுப் பணத்தை முன்னால் அனுப்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் அடியுங்கள். நான் இரண்டு நாள் கழித்துத்தான் அடித்தேன், அதற்குள் அந்தக் கணக்கில் பணமே இல்லையாம்.

அட்டை ஐந்தையும் புகாரோடு கொடுத்திருக்கிறேன். இதே தங்க ஓரம் போட்ட அட்டை உங்கள் கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நீங்களும் போய்ப் புகார் கொடுங்கள்.