காற்றுத் துப்பாக்கிக்கு வன்னியில் செய்வித்த சின்னச் சாமான்கள்: ஏழு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 2018 இல் வாங்கிய 5.5 மில்லிமீற்றர் காற்றுத் துப்பாக்கி. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் வகை. உரிய அனுமதியோடு வைத்திருக்கிறேன். கிளிநொச்சிக்கு மேற்கே எங்கள் தென்னங்காணி. அங்கே குரங்குகள் குரும்பையைக்கூட விட்டுவைப்பதில்லை. 2025 மார்ச் 15 காலை நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணச் சொன்னபோது, எங்கள் காணிக்குள் மட்டும் 23 குரங்கு எண்ணினேன். நான் அவற்றைச் சுடுவதில்லை. பின்னால் மண் அணை இருக்கிற இடமாகப் பார்த்துப் பழைய தகரங்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தகரத்தில் ஒரு குண்டு பட்டால் போதும், அந்தச் சத்தத்துக்கே கூட்டம் அடுத்த பக்கம் போய்விடும்.

இவ்வளவு காலம் இந்தத் துவக்கை வேலை செய்ய வைத்திருப்பவை சில ஸ்குருக்கள், ஒரு ஓ ரிங் (வட்ட ரப்பர் வளையம்), ஒரு தோல் வாசர். மூன்றும் இங்கேயே எடுத்தவை, அல்லது செய்வித்தவை.

முதலில் தொல்லை தந்தவை கட்டையைப் பிடிக்கும் ஸ்குருக்கள். ஸ்பிரிங் துவக்கு முன்னும் பின்னும் உதறும். நாற்பது ஐம்பது குண்டுக்கு ஒருமுறை அவை கழன்றுவிடும். திரும்பத் திரும்ப இறுக்கியதில் தலையின் வெட்டு தேய்ந்துபோனது. ஹார்ட்வெயார் கடையில் எம் 6 அலன் போல்ட் துருப்பிடிக்காத இரும்பில் கிடைத்தது. முன்பக்கம் இரண்டும் சரியாக ஏறின. பின்பக்கத்து ஓட்டையில் இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை. பலவந்தம் பண்ணாமல் கழற்றிப் புரியை அளந்து பார்த்தேன், அது வேறு புரி. அதற்கு மட்டும் லேத்தில் ஒன்று கடைந்து எடுத்தேன். எல்லாவற்றுக்கும் கீழே பல் வாசர், புரியில் ஒரு துளி நகப்பூச்சு. 2019 க்குப் பிறகு அவை தானாகக் கழன்றதில்லை.

அடுத்தது குழல் மூடும் இடத்து ஓ ரிங். கடைக்குப் போய் 'துவக்குக்கு ஓ ரிங்' என்று கேட்கவே வேண்டாம். வேர்னியரால் உள்விட்டத்தையும் தடிப்பையும் அளந்து, எண்ணை மட்டும் சொன்னால் மோட்டார் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். நைத்திரைல் ரப்பர் போதும். பள்ளத்துக்கு மேலே ஒரு மயிரிழை துருத்திக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது கொஞ்சம் தாழ்ந்து போனதால் சோடாப் பேணித் தகட்டில் ஒரு வளையம் வெட்டி அடியில் வைத்தேன். காற்றுக் கசிகிறதா என்று பார்க்க, பொருத்துக்கு மேலே மெல்லிய ரிசுப் பேப்பரை வைத்துக் குண்டு போட்டே சுட வேண்டும். பேப்பர் துள்ளினால் கசிவு. வருடத்துக்கு ஒரு ரிங் மாற்றுகிறேன், அவ்வளவுதான்.

தோல் வாசர்தான் பெரிய பாடம். சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பிஸ்டனின் தலையில், காற்று கசியாமல் இருப்பது அது. தவறு என்னுடையது. சத்தம் கரகரத்தபோது உள்ளே எஞ்சின் ஒயில் விட்டேன். அமுக்கத்தில் காற்று சூடேறி அந்த ஒயில் பற்றிக்கொள்ளும் என்று அப்போது தெரியாது. பெரிய வெடிச்சத்தம், நீலப்புகை, கொஞ்ச நாளில் தோல் கருகிவிட்டது. 2020 இலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. வெளியில் எடுப்பிக்கவும் அப்போது வழியிருக்கவில்லை. துவக்குச் சாமான் என்று எழுதிய பொதியை இந்த ஊருக்கு வரவழைக்க எனக்கும் மனமில்லை.

பட்டறை அண்ணையிடம் போனேன். பெற்றோல் இல்லாத காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை அவர். "என்ன சாமானுக்கு இது?" என்று கேட்டார். ஒளிக்காமல் சொல்லி அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். "சரி தம்பி, துவக்கை இங்க கொண்டுவராத. அளவை மட்டும் கொண்டு வா" என்றார். இன்றுவரை அந்த ஒழுங்கை மீறவில்லை.

சிலிண்டர் 25 மில்லிமீற்றர், தோல் 3. அதனால் தோலைக் கிண்ணம் மாதிரி அமுக்க அலுமினியத்தில் ஒரு அச்சு: 25 இல் ஒரு ஓட்டை, 19 இல் ஒரு குத்தி. செருப்புத் தைக்கும் ஐயாவிடம் சாயம் ஏற்றாத தடித்த தோல் வாங்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அச்சுக்குள் போட்டு போல்ட்டால் இறுக்கினேன். காயவைத்தது இரண்டு நாள், நிழலில். வெயிலில் வைத்த முதலாவது வாசர் ஓடு மாதிரி விறைத்து வெடித்தது. பிறகு விளிம்பைச் சீவி, நடுவில் ஸ்குரு ஓட்டை போட்டேன். நல்லெண்ணெய் பூசியது பிசினாகிவிட்டது. வவுனியாவில் வாங்கிய சிலிக்கன் ஒயில்தான் சரிவந்தது. அதுவும் தோலுக்குள் ஊறவைக்கும் அளவுதான், மிச்சம் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். 2021 இல் போட்ட வாசர் 2024 வரை நின்றது. அதே அச்சில் இரண்டாவது வாசர் இப்போது உள்ளே இருக்கிறது.

இதற்காகப் பிரிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஸ்பிரிங் உள்ளே அமுக்கத்தோடுதான் இருக்கும். தச்சரின் நீளக் கிளாம்பில் பிடித்து மெதுவாக விடுங்கள், முகத்தை நேரே வைக்காதீர்கள். இழுத்த ஸ்பிரிங்கைப் பிடித்துவைக்கும், விசைக்குள் இருக்கும் கொளுவிகளை மட்டும் நான் எந்தப் பட்டறையிலும் செய்விக்க மாட்டேன். அந்த இரும்புக்குக் கொடுத்த பதம் லேத்தில் கடைந்தால் வராது. அது வழுக்கினால் மடக்கிய குழல் விரலில்தான் வந்து அடிக்கும்.

அச்சுக்கு 1,500 ரூபா கொடுத்தேன், தோலுக்கு ஐயா காசே வாங்கவில்லை. ஸ்பிரிங்குக்குள் ஆடும் இரும்புக் குழாய்க்குப் பதிலாக நைலோனில் ஒன்று கடைய அளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறுவடை நேரம், பட்டறை முழுக்க உழவு இயந்திர வேலை. அது முடியட்டும் என்றிருக்கிறார் அண்ணை.