48 தங்கக் கட்டிக்கு 3 குட்டி: மைன்கிராஃப்டில் குதிரை வம்சம் வளர்த்த கணக்கு

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் குதிரை வளர்க்க ஆரம்பித்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. நானும் அக்கா பையனும் சேர்ந்து ஆடும் சர்வைவல் உலகம் அது, எல்லாப் பொருளையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். கணினிக்கான ஜாவா பதிப்பு, பொருளைச் சும்மா வரவழைக்கும் குறுக்குவழிக் கட்டளைகள் கிடையாது. வரவு செலவு எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்து முதல் வரி: "தங்கக் கட்டி 48. குட்டி 3." அதைப் பார்த்தால் இன்றும் வயிறு எரியும்.

நடந்தது இதுதான். பழக்கிய இரண்டு குதிரைகளை இணை சேர்க்க ஆளுக்கொரு தங்க ஆப்பிளோ தங்கக் கேரட்டோ கொடுக்க வேண்டும். ஆப்பிளைச் சுற்றி எட்டுத் தங்கக் கட்டி வைத்தால் தங்க ஆப்பிள். கேரட்டைச் சுற்றி எட்டுத் தங்கத் துணுக்கு வைத்தால் தங்கக் கேரட். ஒன்பது துணுக்கு சேர்ந்தால்தான் ஒரு கட்டி. இணை சேர்க்கும் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான், விலையோ ஒன்பது மடங்கு வித்தியாசம். எனக்கு அது தெரியாது. வாரக்கணக்கில் சுரங்கம் தோண்டிச் சேர்த்த தங்கத்தை ஒரே ராத்திரியில் ஆறு ஆப்பிளாக்கிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வந்த பையன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சித்தி, கேரட்டே போதுமே" என்றான். அந்த 48 கட்டியில் 54 கேரட் வந்திருக்கும், 27 குட்டி கிடைத்திருக்கும்.

எலிட்ரா என்ற இறக்கை மாட்டிப் பறக்கிற காலத்தில் குதிரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பிடிக்கும், அவ்வளவுதான்.

வளர்ப்பில் பலன் உண்டா என்பதுதான் முக்கியம். 2013-ல் குதிரை வந்ததிலிருந்து பல வருடம் பெரிதாக இல்லை. பெற்ற இரண்டோடு கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது குதிரை ஒன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தார்கள். நல்ல ஜோடியைச் சேர்த்தாலும் குட்டி நடுத்தரத்துக்கே இறங்கும். அலைந்து திரிந்து நல்ல குதிரையைப் பிடிப்பதே லாபம். 2023 மார்ச்சில் வந்த 1.19.4 பதிப்பில் இதை மாற்றினார்கள். இப்போது பெற்ற இரண்டின் சராசரிதான் அடிப்படை. குட்டி அதிலிருந்து கொஞ்சம் மேலேயோ கீழேயோ வரும். வேகம், தாண்டும் உயரம், உயிர் மூன்றும் தனித்தனியாகவே குட்டிக்கு வரும். ஆண் பெண் கிடையாது, எந்த இரண்டையும் சேர்க்கலாம். நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்த்தாலும் குறை வராது. நிஜக் குதிரைப் பண்ணையில் இப்படிச் செய்ய முடியாது.

தங்கத்துக்கு அடுத்தபடி நான் விட்ட காசு வைக்கோலில். குட்டி தானாக வளர 20 நிமிடம். ஒரு வைக்கோல் கட்டு கொடுத்தால் அதில் 3 நிமிடம் குறையும். ஏழு கட்டு கொடுத்தால் கண்முன்னே பெரிய குதிரை. பொறுமை இல்லாத எனக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. ஒரு நாள் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு கட்டுக்கு 63 கோதுமை. அதில் அறுபதை விவசாயி வில்லேஜரிடம் (விளையாட்டு ஊரில் வியாபாரம் செய்யும் ஆள்) விற்றால், 20-க்கு ஒன்று வீதம் 3 எமரால்டு, அதுதான் அங்கே காசு. அதே விவசாயி கடைசி நிலைக்கு வந்துவிட்டால் 3 எமரால்டுக்கு 3 தங்கக் கேரட் தருவார். ஒரு குட்டியை அவசரமாக வளர்க்கிற செலவு, அதைப் பிறக்க வைத்த செலவைவிட அதிகம்! அன்றோடு வைக்கோலை நிறுத்தினேன். குட்டி வளர்கிற நேரத்தில் வயலைப் பார்க்கலாம், இல்லையென்றால் எழுந்துபோய்க் குக்கரை இறக்கலாம்.

அந்த விவசாயி வந்த பிறகு சுரங்கமே தேவைப்படவில்லை. 22 சாதாரணக் கேரட்டுக்கு ஒரு எமரால்டு, ஆறு பூசணிக்கு ஒன்று, நான்கு தர்பூசணிக்கு ஒன்று. பன்னிரண்டு தர்பூசணி இருந்தால் மூன்று தங்கக் கேரட் கைக்கு வந்துவிடும், ஒரு ஜோடிக்கு இரண்டு போதும். ஆனால் அவரைக் கடைசி நிலைக்கு ஏற்ற நிறைய வியாபாரம் பண்ண வேண்டும். குதிரைக்கு முன்னால் தர்பூசணிக் கொடி போடுங்கள் என்றுதான் புதிதாகக் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

நோட்டில் வராத செலவு ஒன்று இருந்தது: அளப்பது. குதிரையின் வேகத்தை விளையாட்டு எங்கேயும் காட்டாது. ஏறி உட்கார்ந்தால் உயிர் மட்டும் தெரியும், ஏழரை இதயத்திலிருந்து பதினைந்து வரை. வேகத்தை நாமே ஓட்டித்தான் பார்க்க வேண்டும். முதலில் 100 பிளாக் நீளத்துக்கு ஒரு பாதை போட்டோம் (விளையாட்டு உலகமே கனசதுரக் கட்டிகளால் ஆனது, அந்தப் பிளாக்தான் நீள அளவு). தொடக்கத்தில் சிவப்புக் கம்பளி, முடிவில் சிவப்புக் கம்பளி. நான் ஓட்டுவேன், பையன் போனில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பான். ஒரே குதிரை ஒரு தடவை 9.1 நொடி, அடுத்த தடவை 8.7.

குழப்பத்துக்குக் காரணம் புரிய ஒரு மாதம் ஆனது. நொடிக்கு 11 பிளாக் ஓடும் குதிரைக்கும் பதினொன்றரை ஓடும் குதிரைக்கும் 100 பிளாக்கில் வித்தியாசம் 0.4 நொடிதான். பையன் விரல் தடுமாறினாலே அவ்வளவு போய்விடும். ஒரு தலைமுறையில் சாதாரணமாகக் கிடைக்கும் முன்னேற்றமும் அந்த அரை பிளாக்தான். அதாவது அதுவரை நாங்கள் பொறுக்கி எடுத்ததெல்லாம் நல்ல குட்டியை அல்ல, ஸ்டாப்வாட்ச் பிசகை. அந்தக் கேரட் மொத்தமும் வீண்.

பாதையை 300 பிளாக்காக நீட்டினோம். கம்பளிக்கு இருபது பிளாக் முன்னாலிருந்தே ஓட்டம் பிடித்து வருவேன், அப்போதுதான் கோட்டைத் தொடும்போது முழு வேகம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஓட்டம், நடுவில் வருவதை எழுதுவோம். நெட் திக்கினால் அந்த ஓட்டம் செல்லாது. அப்புறம்தான் எண்கள் ஒழுங்காக வந்தன. சேணம் ஒன்றே போதும், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் தொடங்கியபோது அதை உலகத்தில் அங்கங்கே கிடக்கும் பெட்டிகளில் தேடி எடுத்தோம். 2025-ல் வந்த 1.21.6-லிருந்து மூன்று தோல், ஒரு இரும்புக் கட்டி இருந்தால் செய்துகொள்ளலாம்.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். சமவெளியில் சுற்றி 23 காட்டுக் குதிரைகளைப் பழக்கி ஓட்டிப் பார்த்தோம். இதற்குத் தங்கம் ஒரு துணுக்குகூட ஆகாது, நேரம்தான். பெரும்பாலானவை 300 பிளாக்கை 30 நொடிக்குப் பக்கத்தில் ஓடின. இரண்டு மட்டும் தனியாகத் தெரிந்தன: சுக்கு 24.2, மிளகு 25.4. வம்சத்துக்கு அவைதான் முதல். காட்டுக் குதிரை தேடும் இந்த வேலையைச் சலிக்காமல் செய்தால் இரண்டு தலைமுறைக் கேரட் மிச்சம்.

ஒரு தலைமுறைக்கு ஆறு குட்டி என்று வைத்துக்கொண்டோம். ஆறையும் அளந்து, பெற்றோரையும் சேர்த்து மேலே வரும் இரண்டை மட்டும் அடுத்த சுற்றுக்கு விடுவோம். முதல் சுற்றில் சிறந்தது 23.3, பிறகு 22.6, 22.0, நான்காவதில் 21.8. இந்த விளையாட்டில் குதிரையின் உச்ச வேகம் நொடிக்கு 14 பிளாக்குக்குச் சற்று மேல், ஆகவே 21 நொடிக்குப் பக்கத்தில்தான் எல்லை. உச்சத்தை நெருங்க நெருங்க முன்னேற்றம் சுருங்குவதை எண்களே சொல்கின்றன. உச்சத்தைத் தாண்டப் பார்க்கும் குட்டியை விளையாட்டு அதே அளவு கீழே திருப்பிவிடுகிறது. 21.8-லிருந்து 21.3-க்குப் போக ஆசைப்பட்டு ஐந்தாவது சுற்றில் 12 கேரட் செலவழித்தேன். ஒன்றும் வரவில்லை.

நான்கு சுற்று, 24 ஜோடி, 48 கேரட். தங்கத்தில் போட்டால் 43 கட்டிகூட ஆகாது. அந்த முதல் ராத்திரி மூன்று குட்டிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

மிஞ்சிய குதிரைகளை என்ன செய்வது? குதிரைக்குப் பசி கிடையாது, தீனி வைக்க வேண்டியதில்லை. அதுதான் வம்பு. தீனிச் செலவு இருந்திருந்தால் தோற்ற குட்டிகளை என்றோ விட்டிருப்போம். இல்லாததால் பட்டியில் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எது எதுவென்று தெரியாமல் ஒரு தடவை 27 நொடிக் குதிரை ஒன்றுக்கு நானே கேரட் கொடுத்துவிட்டேன். இப்போது தலைமுறைக்கு ஒரு நிறத்தில் தோல் கவசம் மாட்டுகிறோம், ஒரு கவசத்துக்கு ஏழு தோல். குதிரையை அடித்தாலும் தோல் விழும் என்று பையன் யோசனை சொன்னான். நான் மாட்டுப் பண்ணைக்குப் போனேன்.

இப்போது அவனுக்கு உயரம் தாண்டும் வம்சம் வேண்டுமாம். நல்ல குதிரை ஐந்து பிளாக் தாண்டும், சுவர் கட்டி அளந்துவிடலாம், ஸ்டாப்வாட்ச் தேவையில்லை என்று ஒரே விளக்கம். முதலில் 20 காட்டுக் குதிரையைத் தாண்டவிட்டுப் பார், அப்புறம் கேரட் கேள் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டினால் கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்து: "சித்தியிடம் கடன், கேரட் 12." பெட்டியில் எண்ணிப் பார்த்தேன். 16 குறைந்திருந்தது.