ஊர்ப் பெயரில் டொமைன்: 8 வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, வெப்சைட்டுக்குப் பேரு வாங்கப் போறேன். மார்த்தாண்டம்னு ஊர்ப் பேரையே போட்டிரட்டா?" ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை, அதனால்தான் இந்தப் பதிவு. ஈத்தாமொழித் தேங்காய் எண்ணெய்க்காக 8 வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் டாட் இன் பெயர் ஒன்றை வைத்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் ஒட்டிய பெயர் அது. டொமைன் என்றால் என்ன, எங்கே வாங்குவது என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

குறை சொல்ல முடியாத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டாட் இன் நல்ல முடிவுதான். நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நடத்தும் பதிவகம் (எந்தப் பெயர் யாருடையது என்ற மூலப் பட்டியல்) அது, 2005-லிருந்து யார் வேண்டுமானாலும் வாங்கும்படி திறந்து விடப்பட்டது. 8 வருடத்தில் பதிவகத்தின் தவறால் சைட் ஒரு நாள்கூட நின்றதில்லை. டாட் காமின் ஹோல்சேல் விலை டாலரில். 2024 செப்டம்பர் 1-ல் அது 9.59 டாலரிலிருந்து 10.26 டாலராக ஏறியது. அந்த ஏற்றத்தோடு ரூபாய் சரிந்தால் அதுவும் நம் தலையில்தான் விழும். டாட் இன்னில் அந்த டாலர் தொல்லை இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி இரண்டுக்கும் உண்டு. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் விலை பெரும்பாலும் வரிக்கு முந்தையது, முதல் வருடத்துக்கு மட்டுமானது. கண் போக வேண்டிய இடம் ரினியூவல் விலை. முதல் வருடம் நூறு ரூபாய்க்கும் கீழே கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் பல மடங்கு கேட்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். எழுத்துக்கூட்டல்.

ஈத்தாமொழி என்ற பெயரைத் தமிழில் ஒரே விதமாகத்தான் எழுத முடியும். ஆங்கில எழுத்தில் எத்தனை விதம் என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். தொடக்கத்து நெடிலுக்கு இரண்டு ஈ போடுபவர் உண்டு, ஈ-யும் ஏ-யும் போடுபவர் உண்டு, வெறும் ஐ போடுபவரும் உண்டு. அது 3. நடுவில் தா என்று ஏ போடலாம், தோ என்று ஓ போடலாம். அது 2. கடைசியில் இசட்-எச்-ஐ, இசட்-எச்-ஒய், எல்-ஐ, எல்-ஒய் என்று 4. பெருக்கினால் 24. இவை வெறும் கற்பனை வடிவங்கள் அல்ல. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டிலேயே ஊர்ப் பெயர் ஈ, ஏ என்று தொடங்கி, நடுவில் ஓ வந்து, ஒய்-யில் முடிகிறது. அதைப் பார்த்து டைப் செய்பவரும் சரிதான், ஊர்க்காரர் வாட்ஸ்அப்பில் எழுதுவது போல எழுதுபவரும் சரிதான். இரண்டு பேரில் ஒருவர் நம் சைட்டுக்கு வரமாட்டார்.

போனில் நடப்பது இப்படி:

"சைட் பேரு சொல்லுங்கண்ணே."

"ஈ, ஏ, டி, எச்…"

"ஈ ஒண்ணா, ரெண்டா?"

"ஒரு ஈ, அடுத்து ஏ. ஆப்பிள் ஏ."

"ம்… டி-யா, பி-யா?"

"டி. டைகர் டி. பிறகு எச்."

"சரி. மொழிக்கு எல் தானே?"

"இல்ல, இசட் எச்."

"இசட்டா? மொழிக்கு எப்பிடிண்ணே இசட் வரும்?"

கேட்பவர் மேல் தவறே இல்லை. ழ-வுக்கு இசட்-எச் போடும் பழக்கம் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நன்றாகவே வேரூன்றியிருக்கிறது, கோழிக்கோடும் ஆலப்புழையும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. இந்தப் பக்கம் தோவாளையிலிருந்து வரும் போன்களில் அந்த இசட் பாதிப் பேருக்குத் தோன்றுவதே இல்லை. அந்த உரையாடலை 8 வருடமாக வாரம் தவறாமல் செய்துகொண்டிருக்கிறேன் என்றால் என் எரிச்சல் புரியும்.

அரசாங்க எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெயரையே பாருங்கள். மாவட்ட நிர்வாகமும் ரயில் நிலையப் பலகையும் மக்களவைத் தொகுதியும் இரண்டு என், நடுவில் ஓர் ஐ வைத்து எழுதுகின்றன. சுற்றுலா வருபவர்களோ ஒரே என் வைத்து, அந்த ஐ இல்லாமல்தான் தேடுகிறார்கள். நாகர்கோவிலின் ஆங்கில வடிவத்தில் கே-யும் இல்லை, வி-யும் இல்லை. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றிய அரசாணை வெளியானது, சில நாட்களிலேயே திரும்பவும் பெறப்பட்டது. ஊர்ப் பெயரை டொமைனாக வாங்குபவர், அடுத்தவர் கையில் இருக்கும் எழுத்துகள் மேல் கடை கட்டுகிறார்.

சைட்டுக்கு வரமுடியாதது சின்ன நஷ்டம். மெயில்தான் பெரிய நஷ்டம். தவறான எழுத்துக்கூட்டலில் போகும் மெயில், அந்தப் பெயரை யாரும் வாங்காமல் இருந்தால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஆனால் "டெலிவரி ஃபெயில்டு" என்று வருவதை வாடிக்கையாளர் படிப்பதில்லை, நாம் பதில் போடவில்லை என்றே நினைத்துக்கொள்கிறார். அந்தப் பெயரை வேறொருவர் வாங்கி, எந்த முகவரிக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி மெயிலைத் திறந்து வைத்திருந்தால் திரும்பிக்கூட வராது. வாடிக்கையாளரின் வீட்டு முகவரி, போன் நம்பர், ஆர்டர் எல்லாம் சத்தமில்லாமல் அங்கே போய்ச் சேரும்.

அதனால் 24-ல் 3 வடிவங்களைக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். இதைச் செய்பவர்கள் கவனிக்க: இந்தத் துணைப் பெயர்களை முதன்மைப் பெயருக்கு 301 ரீடைரக்ட் (வருபவரைத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. பிரவுசர்கள் இப்போது பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியைத்தான் முதலில் தட்டிப் பார்க்கின்றன. அந்தப் பாதுகாப்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழ் துணைப் பெயருக்கும் இல்லையென்றால் ரீடைரக்ட் நடப்பதற்கு முன்பே எச்சரிக்கை வந்து நின்றுவிடலாம். பதிவாளர்கள் (டொமைன் விற்கும் கம்பெனிகள்) இலவசமாகக் கொடுக்கும் ஃபார்வர்டிங்கில் பல இடங்களில் இந்தச் சான்றிதழ் கிடையாது. ஹோஸ்டிங்கிலேயே துணைப் பெயரையும் சேர்த்து, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். காசு இல்லை, ஆனால் குறுகிய காலம்தான் செல்லும், தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மெயிலுக்கு, துணைப் பெயரின் எம்எக்ஸ் ரெக்கார்டையும் (மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) அதே மெயில் சேவைக்குத் திருப்பி, அங்கே அதை அலியாஸ் டொமைனாக, அதாவது மாற்றுப் பெயராக, சேர்க்க வேண்டும். அந்தப் பெயரிலிருந்து நாம் மெயில் அனுப்புவதில்லை என்று எஸ்பிஎஃப் ரெக்கார்டிலும் (யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் குறிப்பு) எழுதி வையுங்கள். இல்லையென்றால் நம் பெயரைப் போல ஒன்றை வைத்து மோசடி மெயில் அனுப்புகிறவனுக்கு நாமே கதவைத் திறந்து கொடுத்த மாதிரி.

இத்தனையும் ஒரு நல்ல பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தால் தேவைப்பட்டிருக்காது. எனக்கு ஆறாதது அதுதான்.

பாட்டில் லேபிளில் க்யூஆர் கோடு போட்டது ஓரளவு காப்பாற்றியது. அதிலும் ஒரு எச்சரிக்கை: இலவச க்யூஆர் தளங்களில் "டைனமிக்" என்று கொடுப்பது அவர்களுடைய முகவரிக்குப் போய்த்தான் நம் சைட்டுக்கு வரும். அவர்கள் சந்தா கேட்டு நிறுத்தினால் அச்சடித்த லேபிள் முழுக்க வீண். க்யூஆருக்குள் நம் டொமைன் முகவரியே நேராக இருக்க வேண்டும். அச்சில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட்டால் வாசிப்பது எளிது. டொமைனுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது.

எதிர்பாராமல் மகிழ்ச்சி தந்தது தமிழ்ப் பெயர். டாட் இந்தியா என்பதைத் தமிழ் எழுத்திலேயே முடிவாகக் கொண்ட டொமைன் இருக்கிறது, அதையும் நிக்ஸிதான் நடத்துகிறது. முழுப் பெயரையும் தமிழில் எழுதிக் காட்டினால் பெரியவர்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வருகிறது. எழுத்துக்கூட்டல் கேள்வியே இல்லை. ஆனால் டிஎன்எஸ்ஸின் (எந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இணைய முகவரிப் புத்தகம்) உள்ளே அது எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் நீளமான ஆங்கில எழுத்துச் சரமாகத்தான் பதிவாகிறது. சில ஆப்களில் ஒட்டினால் அந்தச் சரமே தெரிகிறது, பார்ப்பவர் வைரஸ் லிங்க் என்று பயந்து தொடுவதில்லை. மெயில் முகவரியாக வைத்தால் ஜிமெயில் 2014-லிருந்தே ஏற்றுக்கொள்கிறது, பேங்க் படிவமும் கூரியர் படிவமும் பல இடங்களில் மறுத்துவிடுகின்றன. அதனால் முதன்மைப் பெயராக வேண்டாம், துணைப் பெயராக வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதைக் கைவிட மனமில்லை.

பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதை வாங்கிய அன்றே பாருங்கள். நம் ஊரில் சைட் செய்து கொடுப்பவரே டொமைனையும் தன் கணக்கில், தன் மெயில் ஐடியில் எடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் வேலை தேடி வளைகுடாவுக்குப் போய்விட்டால் ரினியூவல் அறிவிப்பு அவருக்குத்தான் போகும். பதிவாளர் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். அந்த மெயில் ஐடி அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் முடங்கினால் அந்த மெயிலும் சேர்ந்து முடங்கும், பாஸ்வேர்டை மீட்கவும் வழி இருக்காது. டாட் இன்னில் பெயரை மறைக்கும் ப்ராக்ஸி சேவைக்கு அனுமதி இல்லை, எனவே உண்மையான பெயரும் முகவரியும் கொடுங்கள். டாட் காம் வாங்கினால் மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு லிங்க் வரும், 15 நாளுக்குள் அதைத் தொடாவிட்டால் பெயர் முடக்கப்படும்.

வேறு பதிவாளருக்கு மாற, முதலில் டிரான்ஸ்ஃபர் லாக்கை எடுத்து, ஆத் கோடு (மாற்றத்துக்கான ரகசிய எண்ணெழுத்து) வாங்க வேண்டும். டாட் காமில் வாங்கிய முதல் 60 நாளுக்கு மாற்ற முடியாது. மாற்றினால் பதிவுக் காலம் ஒரு வருடம் கூடும், கொடுத்த பணம் வீணாகாது. நான் ஒருமுறை மாறினேன், ஐந்தே நாளில் முடிந்தது. பழைய பதிவாளரின் டிஎன்எஸ்ஸையே நம்பியிருந்தால் மாறிய பிறகு சைட் விழலாம். மாறுவதற்கு முன் ரெக்கார்டுகளையெல்லாம் வேறு டிஎன்எஸ் சேவையில் அப்படியே எழுதி வைத்து, டிடிஎல்லை (பழைய தகவலை மற்ற சர்வர்கள் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள்.

ஆட்டோ ரினியூவலை நம்பி இருக்காதீர்கள். 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கியின் விதிக்குப் பிறகு, இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நாம் முன்கூட்டியே தரும் அனுமதி) ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு நிறுவனங்கள் நம் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முடியாது, பேமெண்ட் நிராகரிக்கப்படும். டாட் காம் காலாவதியானால் பதிவாளர் 45 நாள் வரை சலுகை தரலாம், தராமலும் போகலாம். நீக்கிவிட்டால் அடுத்த 30 நாள் ரிடெம்ப்ஷன் எனும் மீட்புக் காலம், அதில் மீட்க வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதன் பிறகு 5 நாள், அப்புறம் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். நான் 3 வருடத்துக்கு மொத்தமாகக் கட்டி, முடியும் தேதியை மூன்று பேர் காலண்டரில் போட்டு வைத்திருக்கிறேன். "உங்கள் டொமைன் காலாவதியாகிறது" என்று வரும் மெயிலில் கீழே சின்ன எழுத்தில் எஸ்இஓ சேவை (கூகுள் தேடலில் மேலே காட்ட வைக்கும் வேலை) என்று இருந்தால் அது ரினியூவல் பில்லே அல்ல. லிங்க்கைத் தொடாமல் பதிவாளரின் சைட்டில் நேராக லாகின் செய்து பாருங்கள்.

மதிப்பெண் கேட்டால், டாட் இன்னுக்கு 10-க்கு 9. என் பெயருக்கு 4. இதைப் போன்ற பெயரை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனாலும் போன மாதம் அதே பெயரை இன்னும் 3 வருடத்துக்கு ரினியூ செய்தேன். ஊர்ப் பெயர் தாங்கிய எண்ணெயை வேறு பெயரில் விற்கக் கை வரவில்லை.

தேன்காரத் தம்பிக்கு: மார்த்தாண்டம் என்று வைத்தே தீருவேன் என்றால், ஆர்-ஐ அடுத்து வரும் டி-க்குப் பக்கத்தில் எச் இருப்பதும் இல்லாததும் இரண்டையும் ஒரே நாளில் வாங்கு. தேன் என்பதை ஆங்கில எழுத்தில் போடாதே, டி-எச்-ஈ-என் என்று வந்து ஆங்கிலத்தில் "பிறகு" என்ற சொல்லாகிவிடும். ஹனி என்றே வை. நடுவில் கோடு வேண்டாம், போனில் சொல்லும்போது பாதிப் பேர் அண்டர்ஸ்கோர் போடுவார்கள், டொமைனில் அண்டர்ஸ்கோர் செல்லாது. ழ, நெடில், இரட்டிக்கும் எழுத்து மூன்றும் இல்லாத 10 எழுத்துக்குள் ஒரு பெயர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பணம் கட்டுவதற்கு முன் குழித்துறையில் ஒருவர், களியக்காவிளைக்கு அப்பால் ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று என மூன்று பேருக்குப் போன் போட்டு, பெயரை ஒரே ஒரு தடவை வாயால் சொல்லி, வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பச் சொல். மூன்றும் ஒரே மாதிரி வந்தால் கார்டை எடு.