ஆவணக் கோப்புகளுக்கு எது சரியான இடம்? டெபியனில் நீண்ட காலம் புழங்கியதில் தெரிந்தவை

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஆவணங்களின் வீடு /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்புக்கும்) அதன் பெயரிலேயே ஒரு டைரக்டரி இருக்கும். புதிதாக எதை நிறுவினாலும் அங்கே ரீட்மீ.டெபியன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூல மென்பொருளிலிருந்து டெபியன் எதை மாற்றியிருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். மென்பொருளின் சொந்தத் தளத்தில் தேடினால் கிடைக்காது. பெரிய கோப்புகள் ஜிஸிப்பில் சுருக்கப்பட்டிருக்கும், படிக்க இஸட்லெஸ் கட்டளை போதும்.

ஆனால் உங்கள் சொந்தக் குறிப்புகளை அங்கே வைக்காதீர்கள். அந்த இடம் பேக்கேஜ் மேலாளருக்கு உரியது. நாளை அதே பெயரில் ஒரு கோப்பு பேக்கேஜோடு வந்தால், பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி உங்களுடையதைக் கேட்காமலே மேலெழுதிவிடும். கேட்டுவிட்டு மாற்றும் மரியாதை கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளுக்கு மட்டும்தான்.

குறிப்பு கான்ஃபிக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, அந்தக் கோப்புகள் உள்ள /ஈடிசி-யில் போடுவது பலரின் வழக்கம். சில டைரக்டரிகளில் அது ஆபத்து. ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) உரிமையில் கட்டளைகளை இயக்க உதவும் சூடோவின் விதிகள் இருக்கும் சூடோயர்ஸ்.டி-யை எடுத்துக்கொள்ளுங்கள்: பெயரில் புள்ளி இல்லாத, ~ குறியில் முடியாத கோப்புகள் அனைத்தையும் சூடோ விதிகளாகவே படிக்கும். 'நோட்ஸ்' என்ற பெயரில் நான்கு வரி சாதாரண உரை எழுதி வைத்தால் தொடரியல் பிழை வரும். பழைய பதிப்புகளில் சூடோவே வேலை செய்யாது. ரூட் கடவுச்சொல்லும் இல்லாத சர்வர் என்றால் மீட்பு முறையில் பூட் செய்துதான் உள்ளே போக வேண்டும். அங்கே குறிப்பு தேவைப்பட்டால் ஒவ்வொரு வரியையும் # போட்டுத் தொடங்குங்கள்.

நீண்ட காலத்துக்குத் தாங்குவது /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டாக். நிர்வாகியின் கைக்கென்றே ஒதுக்கிய இடம் இது, பேக்கேஜ்கள் இங்கே கோப்பு வைக்கக் கூடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'மறுபடி நிறுவிக்கொள்ளலாம்' என்று /யூஎஸ்ஆர் முழுவதையும் பேக்கப்பிலிருந்து விலக்கியிருந்தால், லோக்கலும் சேர்ந்தே போய்விடும். அதைத் தனியாகச் சேருங்கள்.

சொந்த ஸ்கிரிப்டுகளுக்கு மேன் பக்கம் (மேன் கட்டளை காட்டும் கையேட்டுப் பக்கம்) எழுதுவது உழைப்புக்கு ஈடான பலன் தரும். நிர்வாகக் கட்டளை என்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/மேன்/மேன்8-இல் பெயருக்குப் பின் .8 சேர்த்து வைத்தாலே மேன் கண்டுபிடிக்கும். மேன் பக்கங்களைச் சொல்லால் தேடும் அப்ரபோஸிலும் வர வேண்டுமானால் ஒருமுறை மேன்டிபி கட்டளையை ஓட்டுங்கள்.

கண்டெய்னர்களில் (நிரல்களைத் தனியே பிரித்து இயக்கும் சூழல்களில்) கணக்கு வேறு. அவற்றுக்கு அடிப்படையாகும் ஸ்லிம் இமேஜ்களில் இடத்தை மிச்சப்படுத்த, காப்பிரைட் கோப்புகள் தவிர மற்ற ஆவணங்களை நீக்கியிருப்பார்கள். டாக் டைரக்டரியின் எக்ஸாம்பிள்ஸிலிருந்து மாதிரி கான்ஃபிக்கை நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் அங்கே உடையும். அதைப் பேக்கேஜின் பிழையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் டாக்கில் உள்ள கோப்பை நம்பி எந்த நிரலும் இயங்கக் கூடாது என்பது டெபியன் கொள்கை. மாதிரியை உங்கள் நிரல் களஞ்சியத்திலேயே (ரெப்போ) வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களே வேண்டுமென்றால் டிபிகேஜி.சிஎஃப்ஜி.டி-யில் உள்ள, நிறுவும்போது ஆவணங்களை விலக்கச் சொல்லும் பாத்-எக்ஸ்க்ளூட் வரிகளை எடுத்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே நிறுவிய பேக்கேஜ்களை ரீஇன்ஸ்டால் செய்தால்தான் அவை திரும்பி வரும்.