'வேண்டும்' என்று பிரெஞ்சில் சொல்ல: இல் ஃபோவா, தெவ்வாரா?

பிரெஞ்சு படிக்கிற நம்மவர்கள் "நான் கிளம்பணும்" என்பதற்கு முதலில் பிடித்துக்கொள்வது "ஜெ துவா பார்த்தீர்". தப்பில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டால், அதே இடத்தில் "இல் ஃபோ கெ ஜெ பார்த்" என்பது வந்துகொண்டே இருக்கும். முதல் வாக்கியத்தில் இருப்பது தெவ்வார் என்கிற வினை. நான், நீ, அவர்கள் என்று ஆளுக்கு ஏற்ப உருமாறும். இரண்டாவதில் இருப்பது ஃபல்வார். இதற்கு ஆளே கிடையாது. முன்னால் நிற்கிற 'இல்' மற்ற இடங்களில் 'அவன்' என்று பொருள்படும். இங்கே யாரையும் குறிக்காது, எழுவாய் இருக்க வேண்டிய இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். பேச்சில் அதை விழுங்கிவிட்டு வெறும் "ஃபோ" என்றே தொடங்கிவிடுவார்கள்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பதால்தான் நாம் தெவ்வார் பக்கம் சாய்கிறோம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் கடமையைச் சொல்லும்போது பெரும்பாலும் ஓர் ஆளை முன்னால் நிறுத்த வேண்டியிருக்கும். தமிழில் அப்படி இல்லை. 'நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும்' என எத்தனை பேரை மாற்றினாலும் 'வேண்டும்' அசையாது. ஃபல்வாரும் அப்படியே. நிகழ்காலத்தில் அதற்கு ஒரே வடிவம், 'ஃபோ'. இறந்தகாலத்துக்கு 'ஃபலே', எதிர்காலத்துக்கு 'ஃபோத்ரா' என்று காலம் மாறலாம், ஆள் மாறாது.

"இல் ஃபோ கெ ஜெ பார்த்" என்பதைப் பிரித்துப் பாருங்கள். இல் ஃபோ, வேண்டும். கெ, வெறும் இணைப்புச் சொல். ஜெ, நான். பார்த், போக. அந்த 'பார்த்' தனியாக நின்று "போகிறேன்" என்று சொல்லாது. நம் 'போக' போல இன்னொரு வினையைச் சார்ந்தே நிற்கும். இதைத்தான் புத்தகங்கள் சப்ஜங்க்டிவ் என்று சொல்லிப் பயமுறுத்துகின்றன. பின்னாலிருந்து படித்தால் இது தமிழ் வாக்கியம்தான்.

ஏதாவது ஒரு பொருள் வேண்டும் என்று சொல்வதென்றால் இன்னும் நெருக்கம். "இல் மெ ஃபோ", எனக்கு வேண்டும். "இல் லுயி ஃபோ", அவனுக்கு (அல்லது அவளுக்கு) வேண்டும். நம் நான்காம் வேற்றுமை அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இது எனக்குப் பிடிபட்ட நாளில் பிரெஞ்சு மேலிருந்த பாதி அச்சம் போய்விட்டது.

அப்படியானால் தெவ்வார் எதற்கு? அதன் லத்தீன் வேர் 'தெபேரே', கடன்பட்டிருப்பது. இன்றும் "உனக்குப் பத்து யூரோ தர வேண்டும்" என்பதற்குத் தெவ்வார்தான். வீட்டுப்பாடத்துக்கும் 'தெவ்வார்' என்றே பெயர். ஆகவே இந்தக் கடமை ஓர் ஆளின் தலையில் ஏறுகிறது. "நீ படிக்கணும்" என்று விரல் நீட்டிச் சொல்ல தெவ்வார். "படிக்கணும்பா" என்று பொதுவாகச் சொல்ல இல் ஃபோ. ஃபல்வாரின் வேர் 'குறைவது, இல்லாமல் போவது' என்ற பொருளுள்ள லத்தீன் சொல். குறைகிறது, அதனால் வேண்டியிருக்கிறது.

ஊகத்துக்கும் தெவ்வாரிடம்தான் போக வேண்டும். "இல் துவா எத்ர் மலாத்" என்றால் "அவனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது". இதற்கு இல் ஃபோ ஈடாகாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு: "ஜே பெஸ்வேன் தெ", எனக்குத் தேவை. ஓய்வு, உதவி போல மனம் உணர்கிற தேவைக்கு இது பொருத்தம். "எனக்கு நீ வேண்டும்" என்பதற்கு இல் மெ ஃபோ உதவாது, இதுதான் சரி. "இந்த வேலைக்கு எனக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்" என்று அளவு சொல்லும்போது இல் மெ ஃபோ.

சரி, தமிழ் நம்மைக் கவிழ்க்கிற இடத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, தன்னை வரவேற்க இருந்த குடும்பத்துக்கு "இல் நெ ஃபோ பா வெனீர் ஆ லா கார்" என்று எழுதினாள். "ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்" என்பது அவள் நினைப்பு; அவர்களுக்கு ஏன் சிரமம் என்ற நல்லெண்ணம். அவர்கள் படித்ததோ "ஸ்டேஷனுக்கு வரக் கூடாது". என்ன ஆயிற்று, ஏன் வரக் கூடாது என்று பதறிப்போய்ப் பதில் வந்தது. நம் 'வேண்டாம்' தேவையில்லை என்பதையும் சொல்லும், தடையையும் சொல்லும். "இல் நெ ஃபோ பா" பெரும்பாலும் தடை. தெவ்வாரை எதிர்மறையாக்கினாலும் அநேகமாகத் தடைதான். அவள் எழுதியிருக்க வேண்டியது "செ நே பா லா பென்", அந்தச் சிரமம் வேண்டாம்.

அதே "இல் நெ ஃபோ பா" இறந்தகாலத்துக்குப் போனால் இனிப்பாகிவிடும். பரிசை நீட்டினால் "இல் நெ ஃபலே பா!" என்பார்கள். நம் வீட்டில் "இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வதுபோல.

இன்னொரு பள்ளம் குளிர். வெளியே குளிர்கிறது என்பதற்கு "இல் ஃபே ஃப்ருவா", ஆளில்லாத வாக்கியம். அதைப் பார்த்து 'எனக்குக் குளிர்கிறது' என்பதற்கும் நடுவில் 'மெ' செருகிவிடத் தோன்றும். கூடாது. அங்கே "ஜே ஃப்ருவா", நான் குளிரை வைத்திருக்கிறேன் என்ற அமைப்பு. பசி, தாகமும் அப்படியே.

எதை முதலில் பழகுவது என்று கேட்டால், தயங்காமல் இல் ஃபோ என்பேன். ரொட்டிக் கடையில் "இல் மெ ஃபோத்ரே தெ பகெத்" என்று கேட்டுப் பாருங்கள். 'எனக்கு இரண்டு பகெத் வேண்டியிருந்தது' என்று நாம் குரலைத் தாழ்த்திக் கேட்கிற அதே பணிவு அந்த 'ஃபோத்ரே'யில் இருக்கிறது.