கார்டில் மூன்று ஊசி, குட்டிக்குப் பார்வோ: தடுப்பூசி போடும்போது குப்பியைப் பாருங்கள்

தாம்பரம் பக்கம் ஒரு தெருமுனை கிளினிக். போர்டில் நாய், பூனை, கிளி மூன்றின் படமும் உண்டு, டாக்டரின் பதிவு எண் மட்டும் இல்லை. அங்கே மூன்று முறை "செவன் இன் ஒன்" என்ற கூட்டுத் தடுப்பூசி போட்ட லேப்ரடார் குட்டி ஒன்று, நாலரை மாதத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் (ரத்தப் பேதியும் வாந்தியும்) வந்து இறந்துவிட்டது. கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. ஒரு பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த தெருவில் இதே வேலைக்கு மாட்டிக்கொள்வதில் பலன் கிடையாது. என்ன நடந்தது, எந்தெந்த இடத்தில் பிடித்திருக்கலாம் என்பதுதான் குட்டி வளர்க்கிறவர்களுக்கு வேண்டியது.

முதலில் அந்தத் தடுப்பூசி கார்டு. 45, 60, 75ஆம் நாட்களில் போட்டதாக மூன்று வரி. மூன்றும் ஒரே பால்பாயிண்ட் பேனா, ஒரே கையெழுத்து. மருந்துக் கம்பெனி பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. டாக்டரின் கையொப்பத்துக்குப் பதில் கிளினிக் ரப்பர் ஸ்டாம்ப். ஒவ்வொரு தடவையும் 800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள், ஒன்றுக்கும் பில் கொடுக்கவில்லை. உள்ளறையிலிருந்து ஏற்கெனவே மருந்து ஏற்றிய சிரிஞ்சை அட்டெண்டர் எடுத்து வருவார், பிடரித் தோலைத் தூக்கிக் குத்துவார், அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். குப்பியைக் காட்டச் சொன்னதற்கு, "எல்லா நோய்க்கும் ஒரே ஊசிதாம்மா, பயப்படாதீங்க" என்று பதில் வந்திருக்கிறது. கேட்டது வேறு, சொன்னது வேறு.

ஒழுங்காகப் போட்டால் அது எப்படி இருக்கும்? கூட்டுத் தடுப்பூசி பெரும்பாலும் இரண்டு குப்பிகளாக வரும். ஒன்றில் அடியில் ஒட்டிய வெளிர் நிறக் கட்டி, உலர்ந்த சுண்ணாம்புத் துண்டு மாதிரி. டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ, பாராஇன்ஃபுளுயன்சா வைரஸ்கள் வலுக்குறைக்கப்பட்டு, உயிரோடு அதில் உறங்குகின்றன. இன்னொன்றில் திரவம். அது வெறும் கரைநீராக இருக்கலாம், அல்லது எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ தடுப்பு மருந்தாகவே இருக்கலாம். டாக்டர் உங்கள் கண்முன் திரவத்தை சிரிஞ்சில் இழுத்து, கட்டி இருக்கும் குப்பிக்குள் விடுவார். பல பிராண்டுகளில் ஊசி ரப்பருக்குள் நுழைந்ததும் திரவம் தானாக உள்ளே உறிஞ்சப்படும், குப்பிக்குள் காற்றில்லாமல் அடைத்திருப்பதால். மெதுவாகச் சுழற்றினால் சில நொடியில் கரையும். உடனே போட்டுவிட வேண்டும், கலக்கி வைத்து மத்தியானம் வரும் குட்டிக்குப் போடுகிற சமாச்சாரம் இது இல்லை. பிறகு குப்பியின் மேல் இருக்கும் லேபிளைப் பிரித்துக் கார்டில் ஒட்டுவார். இரண்டு குப்பி என்றால் இரண்டு ஸ்டிக்கர். ரேபிஸ் ஊசி தனி. அது கரைக்க வேண்டாத திரவம், அதற்குத் தனி ஸ்டிக்கர்.

உள்ளறையில் ஏற்றி வந்த சிரிஞ்சில் இது எதையும் பார்க்க முடியாது. வெறும் கரைநீராக இருக்கலாம், நேற்றுக் கலக்கியதாக இருக்கலாம், ஒரு குப்பியை இரண்டு குட்டிக்குப் பிரித்ததாகவும் இருக்கலாம். இப்படிப் பிரிக்கிறவர்கள் சொல்லும் சாக்கு: "சின்ன நாய்தானே, அரை டோஸ் போதும்." போதாது. மாத்திரையை எடைக்குத் தகுந்தபடி கொடுக்கிறோம், தடுப்பூசியை அப்படிக் கொடுப்பதில்லை. 2 கிலோ பொமரேனியனுக்கும் 40 கிலோ ராட்வீலருக்கும் ஒரு குப்பி, முழுக் குப்பி.

குப்பி அசலாக இருந்தாலும் ஃப்ரிட்ஜ் கெடுத்துவிடும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு, கிளினிக் நடத்துகிறவர்களே பலர் கவனிப்பதில்லை. உயிருள்ள வைரஸ் இருக்கும் கட்டி சூட்டில் வீணாகும். லெப்டோ, ரேபிஸ் போன்ற செயலிழக்கச் செய்த திரவ மருந்துகள் உறைந்தால் வீணாகும். மே மாதம் நாலு மணி நேரம் கரண்ட் போனால் முதல் வகைக்கு ஆபத்து. "கூலிங் நல்லா இருக்கட்டும்" என்று ஃப்ரீசருக்குப் பக்கத்தில், ஐஸ் படிந்த தட்டில் வைத்தால் இரண்டாம் வகைக்கு ஆபத்து. ஃப்ரிட்ஜ் கதவில் தண்ணீர் பாட்டிலோடு வைத்திருந்தால் நாளுக்கு ஐம்பது தடவை சூடு படுகிறது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரும், கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டரும் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. மருந்துக்கடையில் வாங்கி நீங்களே கொண்டுபோவதாக இருந்தால் ஐஸ் பேக் போட்ட தெர்மோகோல் பெட்டி வேண்டும். குப்பி ஐஸை நேராகத் தொடக்கூடாது, நடுவில் துணியோ அட்டையோ வையுங்கள். கேரி பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு போனால் அந்தப் பணம் போனதுதான்.

இந்தக் குட்டிக்குப் போட்ட ஊசியில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கார்டில் எழுதிய தேதிகளே ஒரு தப்பைக் காட்டிக்கொடுக்கின்றன. 75ஆம் நாளில் "கோர்ஸ் முடிஞ்சிருச்சு" என்று அனுப்பியிருக்கிறார்கள். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை, அது தடுப்பூசியில் இருக்கும் வைரஸையும் சேர்த்தே அழித்துவிடும். எட்டு வாரத்தில் அது தீர்ந்துபோகும் குட்டியும் உண்டு, பதினாலு வாரம் வரை தாங்கும் குட்டியும் உண்டு. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்றாகப் போட்டு, கடைசி ஊசி 16 வாரம் முடிந்த பிறகு விழும்படி பார்க்கச் சொல்கிறது உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கமான வ்சாவாவின் (WSAVA) வழிகாட்டி. எத்தனை ஊசி என்ற எண்ணிக்கையை விடக் கடைசி ஊசி எந்த வயதில் என்பதே முக்கியம். ஆறு மாத வயதில் இன்னொன்று போட்டுவிட்டால், முன்பு பிடிக்காமல் விட்ட குட்டியும் அகப்பட்டுக்கொள்ளும். 75 நாள் என்றால் பதினோரு வாரம்கூட ஆகவில்லை. அசல் மருந்தே போட்டிருந்தாலும் இந்தக் குட்டி திறந்த வீடுதான்.

எண்ணிக்கையைப் பெரிதாக்கி விற்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து என்று ஏறும், விலையும் ஏறும். கூடுவது பெரும்பாலும் லெப்டோவின் வகைகள், சிலவற்றில் கொரோனா. லெப்டோ நம் ஊர் மழைக்கும் எலிக்கும் தேவையானதுதான். நாய்களின் குடல் கொரோனாவுக்கான ஊசியை வ்சாவா பரிந்துரைப்பதே இல்லை. அதற்காகக் கூடுதலாகக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

ஊசிக்கு முன்னால் நடக்க வேண்டியது எதுவும் அங்கே நடக்கவில்லை. எடை பார்க்கவில்லை. எடை பார்க்கும் மெஷினே அந்த இடத்தில் கிடையாது. அப்படியானால் குடற்புழு மாத்திரையை எந்தக் கணக்கில் கொடுத்தார்கள்? ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து ஜுரம் பார்க்கவில்லை. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. ஜுரத்தில் இருக்கும் குட்டிக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டும். ஈறு வெளுத்திருக்கிறதா, மலம் எப்படிப் போகிறது என்ற கேள்விகூட இல்லை.

குட்டிக்கு வாந்தி தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. அதே கிளினிக்கில் "சாப்பாடு ஒத்துக்கல" என்று சொல்லி ஒரு ஊசி போட்டார்கள். கார்டின் பின்பக்கம் "டெக்ஸா" என்று கிறுக்கல். டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. போட்டதும் நாய் ஒருநாள் சுறுசுறுப்பாகத் தெரியும், வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வந்துவிடும். பார்வோவில் வெள்ளையணுக்கள் ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் எதிர்ப்புச் சக்தியை இன்னும் அமுக்குகிற மருந்து இது. சொறிக்கும் அரிப்புக்கும் இதையே குத்தி அனுப்புகிற இடங்கள் நிறைய. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் ஸ்டீராய்டு போட்டால் தோலுக்குள் வாழும் டெமோடெக்ஸ் என்ற சொறிப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

மறுநாள் ரத்தமும் சேர்ந்து, நாற்றமடிக்கும் பேதி. அப்போதும் மலப் பரிசோதனை இல்லை. பார்வோ கிட் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்றது. பஞ்சுக்குச்சியில் மலம் எடுத்துக் கலக்கி, சொட்டுவிட்டால் பத்து நிமிஷத்தில் கோடு தெரியும். நெகட்டிவ் வந்தாலும் அறிகுறி இருந்தால் விடக்கூடாது. அசலாகத் தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் எடுத்தால் பாசிட்டிவ் பொய்யாகவும் வரும். இதையெல்லாம் யோசிக்க முதலில் கிட்டைப் பிரிக்க வேண்டுமே.

டெஸ்டுக்குப் பதிலாக முதுகுத் தோலுக்கடியில் 100 மில்லி குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். கணக்கைப் பாருங்கள். குட்டி 12 கிலோ. வாந்தியிலும் பேதியிலும் 8 சதவீதம் நீர் போயிருந்தால் பாக்கி 960 மில்லி. ஒருநாள் உயிர்பிழைக்க கிலோவுக்கு 60 மில்லி, அதாவது 720. இன்னும் போய்க்கொண்டிருப்பதைச் சேர்க்காமலே முதல் 24 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.7 லிட்டர் ஆகிறது. அதுவும் நரம்பில், ரிங்கர் லாக்டேட் என்ற உப்புகள் கலந்த திரவமாக, ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்து. தோலுக்கடியில் வெறும் குளுக்கோஸ் விடுவது கெடுதலும்கூட: உப்பில்லாத அந்தத் திரவம் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பைத் தன் பக்கம் இழுத்து, நாயை இன்னும் வற்றச் செய்யும். மூன்றாம் நாள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே டிரிப்ஸ், வாந்தி நிற்க மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் நரம்பில் தொடங்கினார்கள். முதல் நாளே வந்திருந்தால் தேறியிருக்கும் வாய்ப்பு அதிகம். சரியான சிகிச்சை கிடைக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. இது நாலாம் நாள் விடியற்காலை போய்விட்டது.

ஊசி போடுகிறவர் யார் என்று கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம், சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். பி.வி.எஸ்சி. ஏ.எச். என்ற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பும், தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். உதவியாளர் சின்ன வேலைகள் செய்யலாம், அதுவும் மருத்துவர் மேற்பார்வையில். டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்றால் சாயங்காலமே போங்கள்.

புகார் கொடுக்க நினைத்தால் காகிதம் வேண்டும், இந்தக் குடும்பத்திடம் இருந்தது ஜிபே பதிவு மட்டும். அதுவும் ஆதாரம்தான். கார்டின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவையுங்கள், அசலைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுக்காதீர்கள். "புதுக் கார்டு போட்டுத் தரோம்" என்று வாங்கிக்கொள்வார்கள். பதிவு பெற்ற மருத்துவரின் தவறு என்றால் மாநிலக் கவுன்சிலுக்கு, பதிவே இல்லாதவர் என்றால் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கும் காவல் நிலையத்துக்கும். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக்கட்டணம் இல்லை. இறந்த நாயைப் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டுமானால் ஐஸில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் திசு சிதைந்து ஒன்றும் தெரியாது.

வீட்டைக் கழுவுவதிலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. பினாயில் வாசனை வரும், பார்வோ சாகாது. குளோரின் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு. முதலில் சோப்பால் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிஷம் ஈரமாக இருக்கவிட வேண்டும். பிளீச்சை வேறு எதோடும் கலக்காதீர்கள். மண்ணில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும், அதனால் தோட்டமுள்ள வீட்டுக்கு அடுத்த குட்டி, ஊசிகள் முழுக்க முடித்த பிறகுதான் வரலாம்.

அதே கிளினிக்கில் கார்டு வாங்கிய நாய்கள் அந்தத் தெருவில் இன்னும் இருக்கின்றன. ஸ்டிக்கர் இல்லாத வரியைப் போடாத ஊசியாகவே கணக்கில் எடுங்கள். 16 வாரம் தாண்டிய நாய்க்கு இன்று ஒரு கூட்டு ஊசி, 3 அல்லது 4 வாரத்தில் இன்னொன்று. லெப்டோவுக்கு அந்த இரண்டாவது கட்டாயம். முன்பே உண்மையில் போட்டிருந்தாலும் மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை. ரேபிஸை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள், செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்தையொட்டி முகாமும் நடக்கும். சந்தேகக் கார்டு உள்ள நாய் கடித்தாலோ பல் பட்டாலோ, "ஊசி போட்ட நாய்தான்" என்ற பேச்சைக் கேட்டு உட்காராமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.